அரை வைத்தியரின் ஐந்தரை ஆண்டுகள்

நம் நாட்டில் ஒருவர் எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவராவதற்கு ஐந்தரை ஆண்டுகள் ஆகும் என்பது விதி. நான்கரை ஆண்டுகள் படிப்பு. ஓராண்டு கட்டாயப் பயிற்சி. உறவினர்களின் கணக்கிலோ அதற்கு ஒரு பிற்பகல் போதும். நீட் தேர்வின் முடிவு வெளியான அன்று மாலையே, எந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதுகூடத் தெரியாத 18 வயதுப் பிள்ளையின் எதிரே, சித்தப்பா தம் முழங்கால் எக்ஸ்ரே படத்தோடு வந்து அமர்ந்துவிடுகிறார். பிள்ளை அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறது. படம் தலைகீழாக இருக்கிறது என்பது பிள்ளைக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. "பயப்படும்படி ஒன்றும் இல்லை, சித்தப்பா" என்கிறது பிள்ளை. அவரும் மனநிறைவோடு காப்பி அருந்திவிட்டு விடைபெறுகிறார்.

இந்தக் காட்சியைக் கண்டு நாம் எல்லோரும் சிரிக்கிறோம். மருத்துவ மாணவர் வாழ்க்கையில் சிரிப்பதற்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. வட இந்தியாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பொது மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தச் சிரிப்பில் எனக்கும் கணிசமான பங்கு உண்டு. ஆயினும் அந்த வேடிக்கைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று எனக்குப் படுகிறது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல மருத்துவ மாணவருக்கு எங்குமே அனுமதி இல்லை. வகுப்பில் இல்லை, தேர்வில் இல்லை, வீட்டில் நிச்சயமாக இல்லை. இது வேடிக்கையோடு முடிந்துவிடுகிற செய்தியன்று என்பதே என் கருத்து.

நீட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டில் அதை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் போட்டியிட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். விடையளிக்காமல் விட்டால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தேர்வைப் பற்றி ஆயிரம் குறைகள் சொல்லப்படுகின்றன. அவற்றுக்குள் நான் புக விரும்பவில்லை. இந்த ஒரு விதி மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே என்று அது ஓசையின்றிக் கற்பிக்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்கும் காலத்தில் மருத்துவ மாணவர் இந்த விதியைப் பெரும்பாலும் மீண்டும் சந்திப்பதில்லை. கல்லூரி வாசலைத் தாண்டியதும் விதி தலைகீழாகிவிடுகிறது, சித்தப்பாவின் எக்ஸ்ரே படத்தைப் போல.

முதலாண்டின் பெருந்துயரம் உடற்கூறியல். மனித உடலில் 206 எலும்புகள். அவற்றின் பெயர்கள் மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொன்றிலும் உள்ள மேடு, பள்ளம், துளை, வரிப்பள்ளம், அவற்றில் எந்தத் தசை தொடங்குகிறது, எது முடிகிறது, எந்த நரம்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். 1858இல் முதன்முதலாக வெளிவந்த 'கிரேஸ் அனாட்டமி' என்ற நூலை வீட்டார் ஆசையோடு வாங்கித் தருவார்கள். அதன் கனத்தைப் பார்த்தே பிள்ளையின் எதிர்காலம் பற்றி அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். விடுதியில் அது கொசுவலையின் ஓரம் பறக்காமல் இருப்பதற்கும், மழைநாளில் சட்டைக்கு மடிப்புப் பதிவதற்கும் பயன்படும். படிப்பதற்கு எளிய கோட்டோவியங்கள் கொண்ட பி.டி. சௌராசியாவின் நூல் இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது அதுவும் பெரிதாகி, மூத்த மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பேட்டின் நகலுடைய நகல் கைக்கு வந்து சேரும். நகலெடுத்து நகலெடுத்து அதில் நரம்பும் இரத்தக்குழாயும் ஒரே கறுப்புக் கோடாகியிருக்கும்.

உடல் பகுப்பாய்வுக் கூடத்தில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். வெளியே வந்து எத்தனை முறை கை கழுவினாலும் அது போகாது. உணவுக்கூடத்து ரொட்டியிலும் பருப்பிலும் அதே மணம். முதல் வாரத்தில் ஒருவரோ இருவரோ மயங்கி விழுவதும், அவர்களைத் தாங்கிப் பிடிக்கப் போனவர் தாமும் விழுவதும் எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பவை. கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா 1836இல் மனித உடலை அறுத்து ஆராய்ந்தபோது அவர் எதிர்கொண்டது சமூகத்தின் சீற்றத்தை. இன்றைய மாணவருக்கு எதிரி தம் சொந்த வயிறுதான். ஒன்றை மட்டும் மனநிறைவோடு சொல்லலாம். தம் உடலைக் கொடையாகத் தந்தவரை முதல் ஆசிரியராக மதித்து, அவர்முன் உறுதிமொழி ஏற்கும் வழக்கம் இப்போது நம் கல்லூரிகளில் பரவியிருக்கிறது. எவ்வளவு கேலிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் அந்த ஒரு மேசையின் முன்னால் வாயடங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கிடப்பவர் கேள்வி கேட்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி கேட்பவர்கள் வாய்மொழித் தேர்வுக்கு வருவார்கள். மாணவர் மொழியில் அதன் பெயர் 'வைவா'. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், உள்ளூர்த் தேர்வாளர் ஒருவர், நடுவே ஒரு தட்டில் எலும்புகள். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்று பட்டாணி அளவே இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து "இது வலக்கையுடையதா, இடக்கையுடையதா?" என்று கேட்பது சில தேர்வாளர்களுக்குப் பொழுதுபோக்கு. எலும்பை மேலே சுண்டி எறிந்துவிட்டு, அது கீழே விழுவதற்குள் பக்கத்தைச் சொல்லச் சொன்ன தேர்வாளரைப் பற்றிய கதை ஒவ்வொரு கல்லூரியிலும் உலவுகிறது. எல்லோரும் அது தம் கல்லூரியில்தான் நடந்தது என்கிறார்கள். நடந்திருக்காது, ஆனால் நடக்கக்கூடியது என்று எல்லோரும் நம்புகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வைவாவுக்குப் போகும் இளையோருக்கு மூத்த மாணவர்கள் வழங்கும் அறிவுரை ஒன்றே ஒன்று: எக்காரணம் கொண்டும் மௌனமாக இருக்காதே, எதையாவது சொல், சொல்வதை உறுதியாகச் சொல். இந்த உபதேசத்தின் பயனை நான் தேர்வாளர் நாற்காலியிலிருந்து பலமுறை கண்டிருக்கிறேன். உடன் அமர்ந்திருந்த நண்பர் ஒருமுறை, இயல்பான மண்ணீரலின் எடை என்ன என்று கேட்டார். "ஒரு கிலோ, ஐயா" என்றார் மாணவர், நெஞ்சை நிமிர்த்தி. நண்பரின் புருவம் உயர்ந்தது. "முக்கால் கிலோ." புருவம் இறங்கவில்லை. "அரை." நான் இருமினேன். "கால் கிலோ, ஐயா." "இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடு அப்பா" என்றார் நண்பர். 150 கிராமில் பேரம் படிந்தது. அதுதான் சரியான விடையும்கூட. மூவருமே சிரித்துவிட்டோம். அந்த மாணவர் தேர்ச்சி பெற்றார். அவருக்கு அடுத்து வந்த பெண், அதே கேள்விக்கு, "தெரியவில்லை, ஐயா; படித்தேன், நினைவில் இல்லை" என்று சொல்லித் தலைகுனிந்தார். அவருக்கு அந்தக் கேள்வியில் கிடைத்தது சுழி. பேரம் பேசியவருக்குக் கிடைத்தது பாதி மதிப்பெண். எங்கள் தேர்வுமுறை எதற்குப் பரிசளிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க இயலாது.

அடுத்தது ஸ்டெதாஸ்கோப். 1816இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லேனெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு தாள் கற்றையைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டதில் பிறந்தது அது. கூச்சத்தில் பிறந்த கருவி இன்று மாணவர்களின் கூச்சத்தைப் போக்கும் அணிகலனாகிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே வாங்கிக் கழுத்தில் மாட்டி, வெள்ளை அங்கியோடு ஒளிப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காதில் வைக்கும் முனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரியவரும். அதுவரை எடுத்த படங்களில் எல்லாம் அவை பின்னோக்கியே இருக்கும்.

அதன் முகப்பு இருபுறம் உடையது. தட்டையான பக்கம் உச்சத்தொனி ஓசைகளுக்கு. மணி போன்ற பக்கம் தாழ்தொனி ஓசைகளுக்கு. எந்தப் பக்கம் திருகி வைத்திருக்கிறோமோ அந்தப் பக்கத்தில்தான் கேட்கும். மறுபக்கம் சுவர்போல் மூடியிருக்கும். வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கிய நோயாளியின் மார்பில் ஒரு மெல்லிய உருட்டல் ஓசை எழும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளிகள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். பேராசிரியர் கேட்டுவிட்டு நிமிர்வார். பிறகு பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வரிசையாகக் குனிந்து கேட்பார்கள். "கேட்கிறதா?" "கேட்கிறது, ஐயா." ஒவ்வொருவர் முகத்திலும் சங்கீதக் கச்சேரியின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவருடைய பாவனை. பாதிப் பேரின் கருவி மூடிய பக்கம் திரும்பியிருக்கும்.

ஒருமுறை நான் ஒரு சோதனை செய்தேன். எங்கள் பிரிவின் ஊழியர் ஒருவர் நல்ல உடல்நலம் உடையவர். நகைச்சுவை உணர்வும் உடையவர். அவரிடம் சொல்லிவைத்து, படுக்கையில் படுக்கச் செய்து, "இவருடைய இருதயத்தின் முணுமுணுப்பைக் கேளுங்கள்" என்று மாணவர்களைப் பணித்தேன். பன்னிரண்டு பேரில் பதினொருவருக்குக் கேட்டது. இருவர் அது மார்பின் எந்தப் பகுதிக்குப் பரவுகிறது என்றுகூட விளக்கினார்கள். கடைசியாக வந்த பீகார் மாணவர் ஒருவர் மட்டும் இரண்டு முறை கேட்டார். கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு, "ஐயா, என் ஸ்டெதாஸ்கோப் பழுதாகிவிட்டது போலிருக்கிறது" என்றார். உண்மையைச் சொன்ன ஒரே ஆளுக்கும், பழியை யார்மீதாவது போட வேண்டியிருந்தது. பாவம், அந்தக் கருவி.

மாணவர்களுக்கே உரிய ஒரு நோய் உண்டு; அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது. எந்த நோயைப் படிக்கிறார்களோ அது தமக்கு வந்துவிட்டது என்று நம்பும் நோய். நோயியல் பாடம் தொடங்கியதும் இது விடுதியில் கொள்ளைநோயாகப் பரவும். தலைவலித்தால் மூளையில் கட்டி. உணவுக்கூடத்துக் கிழங்குக் கறியால் வயிறு கலங்கினால் குடல் அழற்சி. கண்ணிமை துடித்தால் நரம்புத் தளர்ச்சியில் தொடங்கி வாயில் நுழையாத பெயருடைய ஏதோ ஒன்று. ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' என்னும் நகைச்சுவை நாவலில், கதைசொல்லி நூலகத்தில் மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டி, ஒரே ஒரு முழங்கால் நோய் நீங்கலாக அத்தனை நோய்களும் தமக்கு இருப்பதாகக் கண்டுபிடிப்பார். அவர் ஒரு பிற்பகல் பட்ட துன்பத்தை எம் மாணவர்கள் ஓராண்டு முழுதும் படுகிறார்கள். விந்தை என்னவென்றால், தம் உடலைப் பற்றி இத்தனை ஐயம் கொள்ளும் அதே பிள்ளை, அத்தையின் உடலைப் பற்றி ஐயமே இல்லாமல் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லும்.

மொழியால் வரும் இடர்ப்பாடு தனி அத்தியாயம். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. ஆகவே திருநெல்வேலிப் பிள்ளை குவாலியருக்கும், கோட்டயத்துப் பிள்ளை பாட்னாவுக்கும் போய்ச் சேர்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவது உள்ளூர் வழக்கில். மார்புவலி எத்தனை வகைப்படும் என்பதைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் படுக்கையருகே வந்து நின்றால், அந்தப் பெரியவர் "கப்ராஹட் ஹோ ரஹா ஹை" என்பார். அவ்வளவுதான். அந்தக் 'கப்ராஹட்' என்ற ஒரு சொல்லுக்குள் படபடப்பும் உண்டு, பயமும் உண்டு, குமட்டலும் உண்டு, மூச்சுமுட்டலும் உண்டு, மருமகளோடு ஏற்பட்ட மனத்தாங்கலும் உண்டு. எந்தப் பாடநூலின் பின்னிணைப்பிலும் அது கிடையாது. நம் ஊரில் 'ஒரு மாதிரியாக வருகிறது' என்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கு வந்து சேரும் வடக்கத்திப் பிள்ளைகள் 'வாயு பிடிச்சிருக்கு' என்பதைக் கேட்டு, எந்த வாயு, எங்கே பிடித்தது என்று திகைப்பதும் இதற்கு ஈடானதே.

தாய்மொழியில் மருத்துவம் கற்பிப்பது புதிய கனவு அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மத்தியப் பிரதேசம் 2022இல் இந்திப் பாடநூல்களை வெளியிட்டது. அது நல்லதா அல்லதா என்ற வழக்கை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். எந்த மொழியில் படித்தாலும் "நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை, அம்மா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று நோயாளியிடம் கேட்கத் துணிந்த பிள்ளைதான் நோயைக் கண்டுபிடிக்கிறது. புரிந்ததுபோல் தலையசைத்துக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதும் பிள்ளை அழகான குறிப்பேட்டோடு திரும்புகிறது.

இவையெல்லாம் சிரிப்போடு முடிந்துவிடுபவை. நான்கரை ஆண்டுப் படிப்புக்குப் பின் வரும் பயிற்சிக் காலத்தில் நிலைமை மாறுகிறது. இரவு இரண்டு மணி. 36 மணி நேரமாகச் சரியாகத் தூங்காத பயிற்சி மருத்துவர். அவர் நின்றுகொண்டே தூங்குவார், நடந்துகொண்டும் தூங்குவார், மின்தூக்கியில் சாய்ந்து தூங்கி நான்கு முறை மேலும் கீழும் போய்வந்தவரை நான் அறிவேன். இரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு ஓடிக்கொண்டு போவதும், தள்ளுவண்டியின் ஒரு முனையைப் பிடிப்பதும், கிடைக்காத நரம்பைக் கிழவரின் கையில் தேடுவதும் அவர் பணி. அவ்வேளையில் ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. ஊசிமருந்து ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. பொட்டாசியத்தைச் சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினால் அது மருந்து. நேரே நரம்பில் செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். பயிற்சி மருத்துவரின் கையில் ஊசி. தூக்கக் கலக்கத்தில் நினைவு மங்கியிருக்கிறது. எதிரே நிற்கிறார் ஒரு மூத்த செவிலியர். நாட்டின் எந்த மூலையில் உள்ள மருத்துவமனையானாலும் இந்தச் செவிலியர் கேரளத்துப் பெண்மணியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டில் ஒன்று நடக்கலாம். "சிஸ்டர், இதை எப்படிக் கொடுப்பது? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்று அவர் கேட்கலாம். அல்லது, நான்கரை ஆண்டுகளாக வைவாவில் பழகிய நெஞ்சுறுதியோடு ஊசியை உயர்த்தலாம். நம் நற்பேறு, செவிலியர்கள் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை. "டாக்டர், பாட்டிலில் கலந்துதானே போடச் சொல்கிறீர்கள்?" என்று தாமே வினா வடிவில் விடையைக் கொடுத்துவிடுவார்கள். உத்தரவிட்ட பெருமை மருத்துவருக்கு, உயிர் நோயாளிக்கு. எந்தச் சான்றிதழிலும் பெயர் இடம்பெறாத பேராசிரியர்கள் அவர்கள்.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது பழமொழி. அது 'பேரை' அன்று, 'வேரை' என்று திருத்திச் சொல்வார்கள். மூலிகை வேர்களைப் பறித்துக் கற்றவன் என்று பொருள் கொள்வார்கள். திருத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரியாத வைத்தியன் விஷயத்தில் பழைய பாடத்தையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

என் யோசனை பெரிதன்று. நீட் தேர்வில் உள்ள அந்த ஒரு விதியை வைவாவுக்கும் கொண்டுவாருங்கள் என்கிறேன். தெரியாது என்றால் அடுத்த கேள்வி. குறைவு ஒன்றும் இல்லை. உறுதியான குரலில் தவறு சொன்னால் ஒரு மதிப்பெண் போகட்டும். தெரியாது என்று சொல்லிவிட்டு, எங்கே பார்ப்பேன், யாரிடம் கேட்பேன் என்று சொல்பவருக்கு ஒன்று கூட்டுங்கள். சோம்பேறிகள் இதில் மறைந்துகொள்வார்கள் என்று என் நண்பர்கள் எதிர்வாதம் சொல்வதுண்டு. தேர்ச்சிக்கு உரிய மதிப்பெண் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது; எல்லாக் கேள்விக்கும் தெரியாது என்பவர் அதை எட்டப் போவதில்லை. இன்னொரு வாதம் வலுவானது: மருத்துவர் தயங்கினால் நோயாளிக்கு நம்பிக்கை போய்விடும். உண்மைதான். அதனால்தான் இந்தப் பொறுப்பில் பாதி நம்முடையது என்கிறேன். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் அறநெறியையும் நோயாளியோடு உரையாடும் முறையையும் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறது. கல்லூரியில் கற்பிக்கலாம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே நாம் அதை அழித்துவிடுகிறோம்.

திருமண வீட்டுப் பந்தியில் இலை போட்டதும் மருத்துவ மாணவருக்கு இருபுறமும் இடம் பிடிக்கப் போட்டி நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சாம்பார் வருவதற்குள் ஒருவர் மூலநோயைப் பற்றித் தொடங்கிவிடுவார். பாயசம் வரும்போது இன்னொருவர் கைப்பேசியில் புண்ணின் படத்தைக் காட்டுவார். "இன்னும் அதெல்லாம் படிக்கவில்லை, மாமா" என்று பிள்ளை சொன்னால், "இவ்வளவு செலவழித்து என்னதான் சொல்லித்தருகிறார்களோ" என்ற குறை பெற்றோரின் காதில் விழும்படி பேசப்படும். பெற்றோர் முகம் வாடும். அதைக் கண்ட பிள்ளை அடுத்த பந்தியில் விடை சொல்லத் தொடங்கிவிடும்.

செலவு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த இதழின் வாசகர்களில் பிள்ளைக்காகக் கல்விக் கடன் பெற்றவர்கள் பலர் இருப்பீர்கள். படிப்புக் காலம் முழுதும், அதற்குப் பின்னும் வழக்கமாக ஓராண்டு வரை, தவணை கேட்காமல் வங்கி பொறுத்திருக்கிறது. பணம் கொடுத்த வங்கிக்கு இருக்கும் பொறுமை, பந்தியில் இடம் மட்டும் கொடுத்த மாமாவுக்கு இருப்பதில்லை. அவர் முதல் தவணையைச் சேர்க்கை அன்றே கேட்கிறார்.

என் மாணவி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் எங்கள் கல்லூரிக்கு வந்தவர். நான்காம் ஆண்டில் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் அவருடைய பெரியப்பாவுக்கு நெஞ்செரிச்சல். வயது 61, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முகத்தில் வியர்வை. வீட்டில் ஆளுக்கொரு முடிவு. முந்தின இரவு உண்ட கறிக்குழம்பு என்றார் ஒருவர். வாயு என்றார் இன்னொருவர். ஓமத் திரவம் வந்தது, சோடா வந்தது. இறுதியில் எல்லோரும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்கள். "டாக்டரம்மா, வாயுக்கு ஒரு மாத்திரை பேரைச் சொல்லு, பையன் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துருவான்."

மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியும். ஒன்றன்று, ஐந்தாறு தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வரும்போது பெரிய வலி இல்லாமலே வரக்கூடும் என்பதும் படித்திருக்கிறார். ஆனால் எதிரே இருப்பது எது என்று சொல்ல இயலவில்லை. "எனக்குத் தெரியல, பெரியப்பா. தெரியாம மாத்திரை சொல்ல மாட்டேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். பொங்கல் மறுநாளில் ஆஸ்பத்திரியா என்று பெரியம்மா கோபித்துக்கொண்டார். பெண் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இசிஜி எடுத்த பணி மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் மாரடைப்பு என்றார். முதலுதவி மருந்துகள் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். பெரியப்பா பிழைத்தார்.

விடுமுறை முடிந்து திரும்பிய மாணவி இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் பெருமிதம் இல்லை. சிரிப்பை அடக்குகிற முயற்சிதான் இருந்தது. ஊரில் அந்த நிகழ்ச்சி எவ்வாறு நிலைபெற்றுவிட்டது என்பதுதான் காரணம். அங்கே இருந்த டாக்டர் ஒரு காகிதத்தைப் பார்த்ததும் நோயைச் சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளை நான்கு வருடம் வடநாட்டில் போய்ப் படித்தும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று உறவினர் அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பெரியப்பா.

இன்று அந்த மாணவி முதுநிலைப் படிப்பு முடித்து, அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறார். பெரியப்பாவும் நலமாக இருக்கிறார். மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்கிறார். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் திண்ணையிலிருந்தே அவர் கேட்பது ஒன்றுதான்: "என்னம்மா, இந்தத் தடவையாவது படிச்சிட்டு வந்தியா?" அவள் "இன்னும் இருக்கு, பெரியப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவருடைய இரத்த அழுத்தக் கருவியை எடுத்து வருவாளாம்.